கறிவேப்பிலைக் காட்சி

"ஏன்டா இன்பா, அந்தக் கறிவேப்பிலையையாவது விட்டு வச்சிருக்கலாம்லடா."

அக்கா வளர்மதி போனில் சொன்னது அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. பின்னால் பஸ் டிப்போவின் இரைச்சல் கேட்டது. "வண்டி எடுக்கப் போறாக, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

இன்பராஜ் போனைக் கையில் பிடித்தபடி சாலிகிராமத்து எடிட்டிங் அறையின் வாசலில் நின்றான். உள்ளே தயாரிப்பாளர் கிரிதர் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்துக்கொண்டிருந்தார். 'பேய்வீட்டுச் சம்பந்தம்' தொடரின் பதினோராம் பகுதி முந்தின நாள் ஒளிபரப்பாகி, ஒரே நாளில் ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது. "உள்ள வாய்யா ரைட்டர்! அந்தக் கறிவேப்பிலைக் காட்சியை எங்கய்யா பிடிச்ச?" என்று கிரிதர் சத்தம் போட்டார்.

எங்கே பிடித்தான் என்பது இன்பராஜுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதே போனில் பிடித்தான்.

'நிமிர்த்தி' என்ற கருவி புழக்கத்துக்கு வந்து அப்போது ஆறு வருடமாகியிருந்தது. விபத்திலோ நோயிலோ மூளை அடிபட்டு, கட்டையாகக் கிடக்கும் மனிதர்களின் பிடரியில் அதைப் பதிப்பார்கள். கருவி தண்டுவடத்தைத் தட்டியெழுப்பும். கிடந்தவர் எழுந்து உட்காருவார், நடப்பார், ஊட்டினால் விழுங்குவார். உடம்புக்குப் பழகிப்போன சில வேலைகளை அந்தந்த நேரத்தில் செய்வார். பேச்சு கிடையாது. முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. உள்ளே யாரும் இல்லை என்றுதான் மருத்துவம் சொன்னது. கருவி பொருத்திய கையோடு குடும்பத்திடம் 'உணர்வின்மைச் சான்றிதழ்' என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு நோயாளி, வீட்டில் இருப்பவர்கள் பராமரிப்பாளர்கள். கணவன், மனைவி என்ற பேச்சுக்கெல்லாம் அதில் இடமில்லை.

மரியாதை உள்ளவர்கள் அவர்களை 'எழுந்தவர்கள்' என்றார்கள். மற்றவர்கள் ஜாம்பி என்றார்கள்.

வளர்மதியின் கணவர் சௌந்தரபாண்டி மூன்று வருடத்துக்கு முன்னால் எழுந்தவர். மதுரை செல்லூரில் இருசக்கர வாகனங்களுக்குப் பட்டறை வைத்திருந்தார். மேலூர் சாலையில் லாரி இடித்து நாலு மாதம் கிடந்தார். பெற்றோர் போனபின் பதிமூன்று வயது இன்பராஜைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். சாயங்காலமானால் பட்டறையில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, "எங்கடா, நம்ம கவுன்சிலர் மாதிரி பேசிக் காமி" என்பார். அவன் பேசிக் காட்ட, இவர் கிரீஸ் கையால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவன் எழுதியதற்கெல்லாம் முதலில் சிரித்த மனிதர் அவர்.

வளர்மதி அரசுப் பேருந்தில் கண்டக்டர். விபத்துக்கு முன்பு, அவள் காலை வண்டிக்குக் கிளம்பும்போது தினமும் மல்லிகைச் சரத்தைத் தன் கையாலேயே அவள் தலையில் வைத்துவிடுவார். கொஞ்சம் கோணலாகத்தான் வைப்பார். அவள் பேருந்து நிறுத்தம் வரை போனபின் சரிசெய்துகொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது இதுதான்.

"நேத்துக் காலைல தாளிக்கறதுக்காக அடுப்பங்கரையில கறிவேப்பில வச்சிருந்தேன்டா. நான் யூனிபார்ம் போட்டுட்டு நிக்கிறேன். உங்க மாமா மெதுவா வந்தாரு. ஒரு கொத்த எடுத்தாரு. எடுத்து என் தலையில சொருகி விட்டாருடா! அதே கோணலு. எடுக்க மனசு வரல. அப்படியே வண்டிக்குப் போயிட்டேன். ஏறுனவுகள்லாம் என்னம்மா இதுன்னு கேக்குறாக. வேண்டுதல்னு சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இன்னொன்னு சொல்லவா? யார்ட்டயும் சொல்லிராத. படுக்கும்போது அவரு கையத் தூக்கி எம்மேல போட்டுக்கிருவேன். அப்பத்தான் தூக்கம் வருது. தப்பாடா அது?"

"தப்பெல்லாம் இல்லக்கா" என்றான் இன்பராஜ். மனதாரத்தான் சொன்னான்.

அடுத்த வியாழக்கிழமை பதினோராம் பகுதிக்குக் கதையில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஜாம்பிக்குக் காதல் வந்தால் எப்படியிருக்கும் என்பது கிரிதரின் யோசனை. மத்தியானத்துக்குள் வசனம் வேண்டும் என்று மூன்று முறை போன் வந்துவிட்டது. இன்பராஜ் எழுத ஆரம்பித்தான். எழுதும்போது சுலபமாக வந்தது. அந்தச் சுலபத்தைப் பார்த்தே அவன் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. கதாநாயகியின் வேலையைக்கூட அவன் மாற்றவில்லை. கண்டக்டர் உடையில் ஒரு பெண், பச்சை சாயம் பூசிய ஜாம்பிப் புருஷன், தலையில் கறிவேப்பிலை. "பூ வாங்கக் காசில்லையா, இல்ல என் தலையத் தாளிச்சுத் தின்னப் போறியா?" என்று அவள் கேட்பாள். அவன் உறுமிக்கொண்டே அவள் உச்சந்தலையைக் கடிக்கப் போவான். கடைசிக் காட்சியில் கட்டிலில் அவன் கையைத் தூக்கித் தன்மேல் போட்டுக்கொள்வாள். கை தனியாகக் கழன்று அவளிடமே வந்துவிடும்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

*

ஒரு வாரத்துக்குப் பின் அவன் மதுரைக்குப் போனபோது அக்கா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அவள் வண்டியில் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் தலையில் கறிவேப்பிலையோடு ஏறியிருக்கிறார்கள். டிக்கெட் கேட்டதற்குக் கையை நீட்டி உறுமியிருக்கிறார்கள். மொத்த வண்டியும் சிரித்திருக்கிறது. "கெட்ட புள்ளைக இல்லடா. எனக்குன்னு தெரிஞ்சு செய்யல. வேண்டுதல்னு நான் சொன்னத ஞாபகம் வச்சிருந்த ஒரு அம்மாதான் என்னையே உத்துப் பாத்துச்சு. அப்புறம் பக்கத்துல இருந்தவுககிட்ட காதுல சொல்லுச்சு" என்றாள்.

சௌந்தரபாண்டி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. பார்வை சுவரில் ஓரிடத்தில் நிலைத்திருந்தது. அவர் முன்னால் எதையும் பேசலாம் என்று மூன்று வருடமாக எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது. இன்பராஜ் அவர் பக்கம் திரும்பாமலே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான்.

வளர்மதி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள்.

மாவட்டப் பராமரிப்பு ஆய்வுக் குழுவின் கடிதம். பெயர் போடாத புகார் ஒன்று வந்திருக்கிறதாம். சம்மதம் சொல்ல இயலாத, உணர்வற்ற நோயாளியைப் பராமரிப்பாளர் முறையற்ற நெருக்கத்துக்கு உட்படுத்துவதாகவும், அண்மையில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சி அந்த வீட்டைப் பற்றியதே என்று தெருவாசிகள் கூறுவதாகவும் எழுதியிருந்தது. உண்மையென்று தெரிந்தால் நோயாளி அரசுக் காப்பகத்துக்கு மாற்றப்படுவார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நரம்பியல் மையத்தில் விசாரணை.

"கூட்டிட்டுப் போயிருவாகளாடா?" என்றாள் வளர்மதி.

இன்பராஜ் கடிதத்தை இரண்டாவது முறை படித்தான். 'முறையற்ற நெருக்கம்' என்ற இடத்தில் அவன் கண் நின்றது. அக்கா தன்னிடம் ஒற்றை வரியில் குரல் தாழ்த்திச் சொன்னது, அரசாங்க முத்திரையோடு திரும்பி வந்திருந்தது.

"நான் வந்து சொல்றேன்க்கா. எல்லாம் என் கற்பனைன்னு சொல்றேன். எழுதினவனே சொன்னா விட்டுருவாங்க."

*

விசாரணை அறை சிறியது. மேசைக்குப் பின்னால் குழுத் தலைவர் இருந்தார். ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி, சந்தனப் பொட்டும் நிதானமான பேச்சுமாக. அவருக்குப் பக்கத்தில் நரம்பியல் மருத்துவர் மெஹருன்னிசா. சௌந்தரபாண்டியின் கருவிக்கு வருடாந்தரப் பரிசோதனையும் அன்றைக்கே இருந்ததால், அவரை ஒரு ஓரமாக உட்காரவைத்து நெற்றியிலும் விரல்களிலும் ஒயர் மாட்டியிருந்தார்கள். பக்கத்திலிருந்த திரையில் நாலைந்து கோடுகள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன.

"இந்த நிகழ்ச்சியில வர்றது உங்க வீட்டு விஷயமா?" என்று தலைவர் வளர்மதியைக் கேட்டார்.

இன்பராஜ் எழுந்தான். "சார், நான்தான் அதை எழுதினவன். இவங்க தம்பி. அதுல வர்றது எல்லாமே என் கற்பனை. இவங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"எல்லாமேவா?"

"எல்லாமே சார்."

தலைவர் எழுதிக்கொண்டார். முடிந்தது என்றுதான் இன்பராஜ் நினைத்தான். அப்போது வளர்மதி பேசினாள்.

"இல்ல சார். அவன் பொய் சொல்றான். எனக்காகத்தான் சொல்றான், ஆனா பொய்."

"அக்கா..."

"நீ இரு. சார், கறிவேப்பில வச்சு விட்டது நெசம். கைய எடுத்து எம்மேல போட்டுக்கிறதும் நெசம். நான்தான் இவன்கிட்ட சொன்னேன். இருவத்திரண்டு வருசம் அவரு கை எம்மேல கெடந்துதான் தூங்கியிருக்கேன். இப்ப அவரால தூக்க முடியல, நான் தூக்கிக்கிறேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இது தப்புன்னா எழுதிக்கங்க. ஆனா நடக்கவே இல்லன்னு எழுதாதீங்க. நடக்கலன்னு எழுதுனா, அவரு அந்தப் பூவ வச்சதும் இல்லன்னு ஆயிரும்."

அவள் கறிவேப்பிலையைப் பூ என்றதை யாரும் திருத்தவில்லை. இன்பராஜ் உட்கார்ந்தான். அவன் எழுதிய வசனம் எதிலும் அப்படி ஒரு வரி இருந்ததில்லை.

தலைவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் எதுவரை நடந்தது, எது சேர்க்கப்பட்டது என்று பதிவு செய்தாக வேண்டும் என்றார். சுவர்த் திரையில் அந்தக் காட்சியைப் போடச் சொன்னார்.

பச்சை முகத்து ஜாம்பி தள்ளாடித் தள்ளாடி அடுப்பங்கரைக்குள் வந்தான். கறிவேப்பிலையை எடுத்தான். படத்தோடு சேர்த்திருந்த சிரிப்பொலி எழுந்தது. இன்பராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா" என்றாள் வளர்மதி திடீரென்று. "அவரு காது செவக்குது."

எல்லோரும் திரும்பினார்கள். சௌந்தரபாண்டியின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. பார்வையும் அதே சுவரில். ஆனால் இரண்டு காதுகளும் நுனிவரை சிவந்திருந்தன.

"கல்யாணத்தன்னிக்கு மேடையில இப்படித்தான் செவந்துச்சு. என் பேரச் சொல்லச் சொன்னாக, சொல்லத் தெரியாம முழிச்சாரு, எல்லாரும் சிரிச்சாக. அப்ப இதே மாதிரி..." வளர்மதி எழுந்து அவரருகே போய்விட்டாள்.

மருத்துவர் மெஹருன்னிசா காதைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை சீராக ஓடிய கோடுகளில் மூன்று நிமிர்ந்து நின்றிருந்தன.

"நிறுத்துங்க" என்றார். படம் நின்றது. கோடுகள் மெல்ல இறங்கின. "மறுபடி போடுங்க." சிரிப்பொலி வந்ததும் ஏறின.

அதற்குமேல் அன்றைக்கு விசாரணை நடக்கவில்லை. சாயங்காலம் வரை மருத்துவர் சோதித்துக்கொண்டே இருந்தார். வேறு நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் போட்டார். கோடு அசையவில்லை. இதே காட்சியைச் சத்தமில்லாமல் போட்டார், அசையவில்லை. வசனத்தை வைத்துச் சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டார், லேசான அசைவு. சிரிப்போடு போட்டால் ஒவ்வொரு முறையும் ஏறியது.

பிறகு அக்காவையும் தம்பியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மூணு வருஷமா இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கோம். கல்யாண போட்டோ காட்டியிருக்கோம். ஊசியால குத்திப் பாத்திருக்கோம். லேசா ஏதாவது அசையும். ஆனா அதையெல்லாம் உணர்வுன்னு எடுத்துக்க முடியாது. பழகின சத்தத்துக்குத் தூங்கற மூளைகூட அசையும். இது வேற."

"இது என்ன டாக்டரம்மா?"

"வெட்கம்" என்றார் மருத்துவர். "அவமானம்னும் சொல்லலாம். வலிக்கு ஒரு உடம்பு இருந்தாப் போதும். வெட்கத்துக்கு உள்ள ஒருத்தர் இருக்கணும். அந்தத் திரையில காட்டறது தன்னைத்தான்னு புரியணும். தன்னைப் பாத்து நாலு பேர் சிரிக்கறாங்கன்னு தெரியணும். தனக்குன்னு ஒரு மரியாதை இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கணும். இவ்வளவும் இருந்தாத்தான் காது சிவக்கும்."

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நான் பேசுறதெல்லாம்..."

"கேட்டுட்டுத்தான் இருக்காரு. கருவி கை காலைத்தான் எழுப்பியிருக்கு. முகத்துக்கும் பேச்சுக்கும் வழி விடலை. அதனால நாம உள்ள ஆளில்லைன்னு நினைச்சுட்டோம்."

அவள் நாற்காலியிலேயே குனிந்து அழுதாள். மூன்று வருடத்து அழுகை. மருத்துவர் கொஞ்ச நேரம் அவளை விட்டுவிட்டு, இன்பராஜிடம் ஒரு தாளை நீட்டினார். கோடுகளின் வரைபடம்.

"ஒரு சந்தேகம். சிரிப்புச் சத்தம் ஆரம்பிச்சதும் ஏறுது. ஆனா கூட்டமா சிரிக்கற இடத்துல இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒருத்தர் மட்டும் முதல்ல சிரிக்கற இடத்துல உச்சிக்குப் போகுது. பதினேழு தடவையும் அதே இடம்தான். யாரோட சிரிப்பு அது?"

சேனலிடம் இருந்த பழைய சிரிப்பொலி நன்றாக இல்லை என்று, டப்பிங் அறையில் அவனும் மூன்று உதவியாளர்களும் மைக்கின் முன்னால் நின்று சிரித்திருந்தார்கள். அவன்தான் முதலில் ஆரம்பித்தான். மற்றவர்களைக் கிளப்பிவிட வேண்டுமல்லவா?

"என்னோடது" என்றான் இன்பராஜ்.

*

புகார் தள்ளுபடியானது. உணர்வின்மைச் சான்றிதழ் ரத்தானது. புதிய தாளில் வளர்மதியின் பெயருக்கு நேராக 'மனைவி' என்று போட்டிருந்தது. அவள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகப் போனில் சொன்னாள்.

இன்பராஜ் தொடரிலிருந்து விலகினான். கிரிதரிடம் சண்டை போட்டு, பதினோராம் பகுதியை எங்கிருந்தும் யாரும் பார்க்க முடியாதபடி எடுக்கவைத்தான். "உனக்குப் பைத்தியமாய்யா?" என்று கிரிதர் கேட்டார். கடைசியில் ஏதோ வழக்கு வரும் என்று பயந்து ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சி உலகத்திலிருந்து போய்விட்டது என்று உறுதியானதும் இன்பராஜ் பல நாளுக்குப் பின் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுவாரமே மருத்துவர் மெஹருன்னிசா அவனை மதுரைக்கு வரச்சொன்னார்.

"உங்க மாமா ஒருத்தர் மட்டும்னு நினைச்சேன். விசாரணைக்கு வந்த பிரதியை, ஒரு சந்தேகத்துக்கு மையத்துல இருக்கற இன்னும் ஆறு பேருக்குப் போட்டுப் பாத்தோம். நாலு பேருக்குக் கோடு ஏறிச்சு. ஒரு அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தம்மாவோட பிள்ளைங்க அவங்களைப் பக்கத்துல உட்காரவச்சுக்கிட்டே வீட்ல இதைப் பாத்தாங்களாம். இரண்டு தடவை."

இன்பராஜ் எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தமிழ்நாட்டுல மட்டும் பதினோராயிரம் பேர் எழுந்தவங்க இருக்காங்க. எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. காப்பகங்கள்ல, கூட்டிப் பெருக்கறப்போ சாமானை நகர்த்தற மாதிரி நகர்த்தி வைக்கறாங்க. கண்டுபிடிக்க நமக்கு இப்போதைக்கு இந்த ஒரு வழிதான். காட்சியை எடுக்கவச்சது நீங்கதான், நீங்க சம்மதிச்சாத்தான் தருவோம்னு சேனல்ல சொன்னாங்க. நீங்க எழுதிக் குடுத்தா எல்லா மையத்துக்கும் அனுப்பலாம்."

"எல்லாருக்கும் அதைப் போட்டுக் காட்டப் போறீங்களா டாக்டர்?"

"ஆமா."

"ஒவ்வொருத்தரையும் அவமானப்படுத்தி..."

"வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க. நானே முதல் ஆளா இதைத் தூக்கிப் போடறேன்."

அவனுக்குத் தெரியவில்லை. வேறு கேலிகளை எழுதிப் பார்க்கலாமே என்றான். ஏற்கனவே முயன்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். ஊழியர்கள் உட்கார்ந்து யோசித்துச் சில காட்சிகளை எடுத்தார்களாம். ஒன்றும் வேலைக்காகவில்லை. "உங்க காட்சியில ஒரு உண்மை இருக்கு. எழுந்தவங்க வீட்ல நிஜமா நடக்கறது இருக்கு. அதனாலதான் அது உள்ளுக்குள்ள போய்த் தைக்குது" என்றார். பாராட்டுப் போலவேதான் சொன்னார். இன்பராஜுக்கு உடம்பு கூசியது.

"சிரிப்பையாவது எடுத்துட்டுப் போடலாமா? குறைஞ்சது என் சிரிப்பை மட்டும்."

"சிரிப்பு இல்லாம வேலை செய்யாது தம்பி. உங்களுக்கே தெரியும்."

வெளியே பெஞ்சில் வளர்மதி யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள், பணி முடிந்து நேராக வந்திருந்தாள். அவன் வந்து விஷயத்தைச் சொன்னான். அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துருடா."

"உன் கதைக்கா அது. உன்னைத்தான் ஒவ்வொரு ஊர்லயும் பாப்பாங்க."

"பாக்கட்டும். அன்னிக்கு அந்த வண்டியில நான் பட்ட வெக்கத்துக்கு, எங்கயோ ஒருத்தி புருசன் உள்ள இருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டாள்னா எனக்குப் போதும்." அவன் பக்கம் திரும்பி, "உனக்குத்தான் கஷ்டம். ஒம் பேரு போட்டுத்தான் காட்டுவாக. அத நீதான் தாங்கிக்கிறணும்" என்றாள்.

அவன் கையெழுத்துப் போட்டான். பேனா எழுதவில்லை. மருத்துவர் வேறு பேனா கொடுத்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சௌந்தரபாண்டி கூடத்தில் வழக்கமான நாற்காலியில் இருந்தார். விசாரணைக்குப் பிறகு இன்பராஜ் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. மூன்று வருடமாக அவர் எதிரில் சட்டை மாற்றியிருக்கிறான், போனில் கெட்ட வார்த்தை பேசியிருக்கிறான். ஒருமுறை அக்காவிடம், "இவரை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குக்கா? காப்பகத்துல விட்டா நீயாவது நிம்மதியா இருப்ப" என்று இதே கூடத்தில் நின்று சொல்லியிருக்கிறான். அத்தனையும் அவர் கேட்டிருக்கிறார்.

வளர்மதி காப்பி போட உள்ளே போனாள். இன்பராஜ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தான்.

"மாமா, நான் இன்பா. உங்களுக்குக் கேக்கும்னு சொன்னாங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சது பெரிய தப்பு மாமா. நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரியாம... இல்ல. தெரிஞ்சிருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ. அன்னிக்கு எனக்கு ஒரு கதை வேணும், அவ்வளவுதான். அக்கா என்னை நம்பிச் சொன்னதை நான் கேலியா மாத்திட்டேன். உங்களையும் மாத்திட்டேன். என்னை மன்னிச்சிருங்க மாமா."

தலையைக் குனிந்துகொண்டான். சற்று நேரம் கழித்து நாற்காலிக் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

சௌந்தரபாண்டி எழுந்து நின்றிருந்தார். அது அவர் எழும் நேரம் இல்லை. நடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் நாற்காலியைப் பற்றினார். ஒருமுறை பிடி நழுவியது. மறுபடி பற்றித் தூக்கினார். இன்பராஜ் உதவிக்கு எழுந்தான். அவர் அவனைச் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல நடந்து, நாற்காலியை வாசலுக்கு அருகே கொண்டுபோய், தெருவைப் பார்க்கப் போட்டார். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

காப்பியோடு வந்த வளர்மதி நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

"நீ தூக்கி வச்சியா?"

"இல்லக்கா. அவரேதான். நான் மன்னிப்புக் கேட்டேன். எழுந்து போயிட்டாரு."

அவள் டம்ளர்களை அப்படியே தரையில் வைத்தாள். அவள் முகம் அவன் பார்த்தேயிராத விதமாக மாறியது.

"கோவிச்சுக்கிட்டாருடா! ஆத்தாடி, கோவிச்சுக்கிட்டாரு!" ஓடிப்போய் அவரை முன்பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். போனைத் தேடினாள். "பழக்கம் இல்லாத வேல எது செஞ்சாலும் உடனே சொல்லச் சொன்னாக டாக்டரம்மா. மொதத் தடவடா இது! கூப்புடு. நீ இன்னொரு தடவ கூப்புடு. நெசமாவே கோவம்தானான்னு பாப்போம்."

"அக்கா, அவரை விட்டுரு..."

"கூப்புடுடா!"

"மாமா" என்றான் இன்பராஜ்.

முதுகு அசையவில்லை. ஆனால் காது கேட்டதற்கு அடையாளமாகத் தோள் ஒரு தரம் இறுகித் தளர்ந்தது.

"பாத்தியா! பாத்தியா!" வளர்மதி சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. போனை அவர் முதுகின் பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தாள். "டாக்டரம்மாவுக்கு அனுப்பணும். இன்னும் ஒரு தடவடா. நல்லா சத்தமா."

இன்பராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"மாமா."

அவர் திரும்பவில்லை. அக்கா மறுபடியும் கையைக் காட்டினாள். அவன் மறுபடியும் கூப்பிட்டான்.